துண்டு விழுந்த கணக்கு

ஏழை வீட்டில் காசு தங்காததற்கு அந்த வீட்டுப் பெண்ணுக்குச் செட்டு தெரியாததே காரணம் என்ற பேச்சு எந்த ஊரிலும் காதில் விழும். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் இங்கிலாந்தில் அந்தப் பேச்சு திண்ணையோடு நிற்காமல் அரசு அறிக்கைகள் வரை ஏறியிருந்தது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, நகரத்துத் தொழிலாளர் வீட்டு இளைஞர்கள் ஏராளமானோர் உடல் தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். உலகை ஆண்ட நாடு தன் சொந்தப் பிள்ளைகளின் நோஞ்சான் உடம்பைப் பார்த்துத் திகைத்தது. அதற்கென அமைக்கப்பட்ட குழு 1904இல் அறிக்கை தந்தது. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடலாம் என்ற நல்ல யோசனை அதில் இருந்தது. ஏழைப் பெண்களுக்குச் சமையலும் குடித்தன நிர்வாகமும் கற்றுத்தர வேண்டும் என்ற யோசனையும் கூடவே இருந்தது. பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு நூறுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்த காலம் அது. தாயின் அறியாமைதான் குழந்தையைக் கொல்கிறது என்று மருத்துவர்களே எழுதினார்கள். 1907இல் லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் பகுதியில் தாய்மார்களுக்கென்றே ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதை நடத்தியவர்களின் நல்லெண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலூட்டும் பெண்களுக்கு அங்கே மலிவாகச் சாப்பாடும் கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்தின் பெரும்போக்கு, கற்றுக்கொடுத்தால் கஷ்டம் தீரும் என்பதாகவே இருந்தது. அது தவறான நம்பிக்கை. அதைத் தவறென்று நிரூபித்தவை, தேம்ஸ் நதியின் தென்கரையில் லாம்பெத் என்ற பகுதியில் வாழ்ந்த சில பெண்கள் தங்கள் கையால் எழுதிய வரவு செலவு நோட்டுகள்.

அந்த நோட்டுகள் உருவாகக் காரணமானவர் மாட் பெம்பர் ரீவ்ஸ். நியூசிலாந்தில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடி 1893இல் அதைப் பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவர். லண்டனுக்கு வந்து 1908இல், ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிச அமைப்புக்குள் ஃபேபியன் பெண்கள் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் குழு 1909 முதல் 1913 வரை லாம்பெத் வீடுகளுக்கு வாராவாரம் போய்வந்தது. எத்தல் பெந்தம் என்ற மருத்துவர் உடனிருந்தார். பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு ஊட்ட உணவு கொடுத்தால் தாய்க்கும் சேய்க்கும் என்ன மாறுகிறது என்று பார்ப்பதே முதல் நோக்கம். அதற்கு அந்த வீட்டின் முழு வரவு செலவும் தெரிய வேண்டியிருந்தது. வாரத்துக்கு 18 ஷில்லிங்கிலிருந்து 30 ஷில்லிங் வரை கூலி வாங்கும் குடும்பங்கள் இவை. பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பது அன்றைய கணக்கு. இவர்கள் தெருவோரத்தில் கிடந்தவர்கள் அல்ல என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டியோட்டி, மதுவடிப்பாலையின் குதிரைக்காரர், ரயில் பெட்டி கழுவுபவர், மீன் வறுத்து விற்பவர் என்று அன்றாடம் வேலைக்குப் போகிற, குடித்துச் சீரழியாத ஆண்களின் குடும்பங்கள். ஆய்வின் முடிவுகள் 1912இல் ஒரு சிறு வெளியீடாகவும், 1913இல் ‘ரவுண்ட் அபவுட் எ பவுண்ட் எ வீக்’ என்ற நூலாகவும் வந்தன.

கணக்கு எழுதுவது அந்தப் பெண்களுக்குப் புதிது. சிலருக்கு எழுத்தே தெரியாது. அவர்கள் சொல்லச் சொல்லக் கணவனோ பள்ளி போகும் பிள்ளையோ எழுதினார்கள். ஆனால் அதுவரை அவர்களிடம் கணக்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. காசு எங்கே எப்படிப் போகிறது என்று ஒவ்வொருத்திக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. கணவன் வாரக் கூலியில் தன் வண்டிச் சத்தத்துக்கும் புகையிலைக்கும் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை மனைவியிடம் தருவான். அதிலிருந்து முதலில் வாடகை எடுத்துவைக்கப்படும். பிறகு ஈமச்செலவுக் காப்பீடு, கரி, அளவுப்பெட்டியில் பென்னி போட்டால் எரியும் காஸ், சோப்பு, பிள்ளைகளின் பூட்ஸுக்கான சீட்டு. இத்தனையும் போய் மிஞ்சுவதுதான் சாப்பாட்டுக்கு. நோட்டுகளில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்த வரிசையைத்தான். வீட்டுக்காரன் அரை ஷில்லிங் குறைத்து வாங்கிக்கொள்ள மாட்டான். கரி இல்லாமல் லண்டன் குளிரைத் தாங்க முடியாது. சுருக்கக்கூடியது வயிறு ஒன்றுதான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதை லாம்பெத் பெண்கள் வாராவாரம் எண்களாக எழுதிவைத்தார்கள்.

வாடகையை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானமுள்ள ஒருவர் வீட்டுக்குக் கொடுப்பது வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு என்று ரீவ்ஸ் கணக்கிட்டார். வாரம் 24 ஷில்லிங் வாங்கும் லாம்பெத் தொழிலாளி இரண்டு மூன்று அறைகளுக்கு 8 ஷில்லிங் கொடுத்தான், அதாவது மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பாலும் ஒண்டுக்குடித்தனம்; ஒரே கட்டிலில் நான்கு பேர்; வாழைப்பழம் வந்திறங்கிய மரப்பெட்டி கைக்குழந்தைக்குத் தொட்டில். குறைந்த வாடகைக்கு வீடு பார்க்கலாமே என்று கேட்கலாம். கிடைக்கும்தான், தரைக்குக் கீழே, வெயில் எட்டாத, சுவரில் ஈரம் கசியும் அறைகள் கிடைக்கும். அப்படி வாடகையில் மிச்சம் பிடித்த வீடுகளில் சாப்பாட்டுக்குக் கூடுதலாகக் காசு இருந்தும் குழந்தைச் சாவு அதிகமாக இருந்தது என்று ரீவ்ஸ் ஒப்பிட்டுக் காட்டினார். உலர்ந்த அறையா, கூடுதல் ரொட்டியா என்ற அந்தத் தேர்வில் எந்தப் பக்கம் போனாலும் குழந்தைதான் விலை கொடுத்தது.

வெளியாட்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தது ஈமச்செலவுக் காப்பீட்டை. பிள்ளைக்கு வாரம் 1 பென்னி, தாய்க்கு 2, தந்தைக்கு 3. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் வாரம் 8 பென்ஸ் சாவுக்காக ஒதுக்கப்பட்டது. பால் விலை அன்று ஒரு குவார்ட் 4 பென்ஸ். ஆக, சாவுக்குக் கட்டிய காசில் இரண்டேகால் லிட்டர் பால் வாங்கியிருக்கலாம். உயிரோடிருக்கும் பிள்ளைக்குப் பால் வாங்காமல், சாகப்போகும் பிள்ளைக்குப் பணம் கட்டுவது பேதைமை இல்லையா என்று கேட்டவர்களின் வாதத்தில் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். நூலில் உள்ள ஒரு குழந்தையின் இறுதிச் செலவுப் பட்டியலைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றாது. அடக்கத்துக்கு 32 ஷில்லிங். இறப்புச் சான்றிதழுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ். குழி வெட்டியவர்களுக்கு 2 ஷில்லிங். பிண வண்டியோடு வந்தவர்களுக்கு 2. குழந்தையைக் குளிப்பாட்டிக் கிடத்திய பெண்ணுக்கு 2. காப்பீட்டு முகவருக்கு 1. பூவுக்கு 6 பென்ஸ். அப்பாவுக்குக் கறுப்புக் கழுத்துப்பட்டி 1 ஷில்லிங். மொத்தம் 2 பவுண்டு 1 ஷில்லிங் 9 பென்ஸ், கிட்டத்தட்ட இரண்டு வாரக் கூலி. இதைக் கையில் வைத்திராத குடும்பத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. கடன் வாங்கி, அதை அடைக்கும் மாதங்களில் மற்ற பிள்ளைகளின் ரொட்டியைக் குறைப்பது ஒன்று. பிள்ளையை அனாதைப் பிணமாக ஊர்ச்செலவில் புதைக்க விடுவது மற்றொன்று. வாரம் ஒரு பென்னி என்பது இந்த இரண்டிலிருந்தும் தப்பிக்கக் கொடுத்த விலை. ஆறு பென்ஸுக்குப் பூ வாங்கியதை ஊதாரித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செட்டு என்பது மொத்தமாக வாங்குவதில் இருக்கிறது என்று எந்தக் குடும்பப் பெண்ணும் அறிவாள். லாம்பெத் பெண்களும் அறிவார்கள். ஆனால் டன் கணக்கில் கரி வாங்க முன்பணம் வேண்டும், கொட்டிவைக்க இடம் வேண்டும். இரண்டும் இல்லாதவள் மூட்டை மூட்டையாகக் கூடுதல் விலைக்கு வாங்கினாள். பாலுக்குச் சில்லறை மொத்தம் என்ற பேதம்கூட இல்லை. பணக்காரர் குடியிருப்பான மேஃபேரிலும் லாம்பெத்திலும் ஒரே விலை. ஒரு குழந்தைக்கு நாளைக்கு ஒரு குவார்ட் என்றால் வாரம் 2 ஷில்லிங் 4 பென்ஸ். மூன்று பிள்ளைகளுக்கு 7 ஷில்லிங், ஏறக்குறைய ஒரு வீட்டு வாடகை. அதனால் வெண்ணெய் எடுத்த டப்பாப் பால் அந்த இடத்துக்கு வந்தது. ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுங்கள், ரொட்டியைவிட மலிவு, சத்தும் அதிகம் என்ற அறிவுரை ஓயாமல் சொல்லப்பட்டது. பல வீடுகளில் பாத்திரம் ஒன்றே ஒன்று; அதுவும் அடிபிடிக்கும் பழைய பாத்திரம். முதல் நாள் மீனோ கறியோ வெந்த அதில் காய்ச்சிய கஞ்சியை, பாலும் சர்க்கரையும் இல்லாமல், எந்தப் பிள்ளை குடிக்கும்? கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று கிண்டவும் நேரம் வேண்டும், காஸுக்கு இன்னொரு பென்னியும் வேண்டும். பிள்ளைகள் ஒதுக்கிவைத்தால் அத்தனையும் வீண். ரொட்டிக்கு அடுப்பு வேண்டாம், பாத்திரம் வேண்டாம், கரண்டி வேண்டாம். கையில் கொடுத்தால் பிள்ளை தின்றுவிட்டுப் பள்ளிக்கு ஓடும். மூன்று வேளையில் இரண்டு வேளை பிள்ளைகள் ரொட்டியே தின்றதற்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருந்தது.

கறி அப்பாவுக்கு, ரொட்டி பிள்ளைகளுக்கு, மிச்சம் மீதி அம்மாவுக்கு என்பதும் இந்த நோட்டுகளில் தெளிவாகத் தெரிகிறது. பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி அது என்பதில் எனக்கு ஐயமில்லை. பிள்ளைக்குப் பாலூட்டுகிறவள் கடைசியாகச் சாப்பிடுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவள் அதைச் செய்தது பழக்கத்தால் மட்டும் அல்ல. மூட்டை தூக்குகிறவன் ஒரு வாரம் படுத்துவிட்டால் வீட்டுக்கு வருமானம் இல்லை. குடும்பம் முழுவதையும் தாங்கிய ஒரே கருவி அவன் உடம்பு என்று தெரிந்தே அதற்கு முதலில் தீனி போட்டாள்.

குறை பெண்ணிடம் இல்லை, கூலியில்தான் என்ற இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய கனமான சான்று சமூக ஆய்வாளர் சீபோம் ரவுன்ட்ரீயினுடையது. யார்க் நகரில் 1899இல் வீடு வீடாக ஆய்ந்து 1901இல் அவர் வெளியிட்ட நூலின்படி, நகர மக்களில் 27.84 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள். ஆனால் நகர மக்களில் 9.91 விழுக்காட்டினருக்குத்தான் வருமானமே போதாது, மீதி 17.93 விழுக்காட்டினருக்கு வருமானம் இருந்தும் அது வேறு வகையில் செலவாகிவிட்டது என்றார். அப்படியானால் பெரும்பாலான ஏழைகளுக்குக் குறை கூலியில் இல்லை, செலவழிக்கும் விதத்தில்தான் என்று பலரும் பிடித்துக்கொண்டார்கள். ரவுன்ட்ரீ போட்ட வறுமைக் கோட்டைக் கவனித்தால் அந்த வாதம் நிற்பதில்லை. தாய், தந்தை, மூன்று பிள்ளைகளுக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் போதும் என்று அவர் வகுத்தது, உடம்பு இயங்குவதற்கு மட்டுமான அளவு. அதில் புது இறைச்சி கிடையாது. செய்தித்தாள், கடிதத்துக்குத் தபால் தலை, பிள்ளைக்கு ஒரு பொம்மை, ரயில் பயணம் எதற்கும் ஒரு பென்னி கிடையாது. அதை அவரே வெளிப்படையாக எழுதினார். அந்தக் கோட்டுக்கு மேலே இருந்து ஊரிலிருக்கும் தாய்க்குக் கடிதம் போட்டவளும் செலவழிக்கத் தெரியாதவளாகக் கணக்கில் வந்துவிடுவாள். அவர் வாடகைக்கு வைத்தது 4 ஷில்லிங். சாப்பாட்டுக்கும் துணிமணி, எரிபொருள் முதலியவற்றுக்கும் 17 ஷில்லிங் 8 பென்ஸ். லாம்பெத்தில் 24 ஷில்லிங் வாங்கி 8 ஷில்லிங் வாடகை கொடுத்தவளிடம் மிஞ்சியது 16 ஷில்லிங். கணவனின் கைச்செலவைக் கழிக்காமலே, பத்தாண்டு விலையேற்றத்தைச் சேர்க்காமலே, அவளுக்கு 1 ஷில்லிங் 8 பென்ஸ் துண்டு விழுகிறது. அதுவும் பிள்ளைகள் மூன்றே பேராக இருந்தால்.

நல்ல குடும்பங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களே, இதை எல்லா ஏழைகளுக்கும் எப்படிப் பொருத்துவது என்றும் கேட்கலாம். தேர்வு ஒருபக்கச் சாய்வு உடையதுதான். அந்தச் சாய்வு ரீவ்ஸின் முடிவுக்கு வலுவே சேர்க்கிறது. குடி இல்லாத, வேலை உள்ள, கணக்கு எழுதிய வீடுகளிலேயே பிள்ளைகள் வளர வளர நலிந்தார்கள் என்றால், கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி மருந்தாகும்? படித்த, வசதியுள்ள பெண்கள் ஏழை வீட்டுக்குள் புகுந்து நோட்டைப் புரட்டியதை உரிமை மீறல் என்று இன்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கூச்சம் நியாயமானது. ஆனால் பாடம் நடத்தப் போனவர்கள் பலருக்கு மாறாக, இவர்கள் பாடம் கேட்டுத் திரும்பினார்கள் என்பதை நூலின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் காண முடிகிறது. அவர்கள் சுட்டிக்காட்டிய ஒரு முரண் இன்றும் உறுத்துகிறது. பெற்றோர் இல்லாத பிள்ளையை வேறொரு பெண்ணிடம் வளர்க்கக் கொடுத்தபோது, அந்தப் பிள்ளையின் பராமரிப்புக்கு அரசுத் துறை கொடுத்த தொகை, லாம்பெத் தாய் தன் பிள்ளைக்குச் செலவிட முடிந்ததைவிட அதிகம். ஒரு குழந்தைக்கு என்ன செலவாகும் என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை.

பள்ளி உணவு, குழந்தைகளுக்கான மருத்துவமனை, பிள்ளை வளர்ப்பில் அரசின் நேரடிப் பொறுப்பு என்று ரீவ்ஸ் கேட்டவை மெதுவாகத்தான் வந்தன. பெண்ணுரிமைப் போராளி எலினார் ராத்போன் 1924இல் ‘தி டிஸ்இன்ஹெரிட்டட் ஃபேமிலி’ என்ற நூலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயின் கையில் பணம் தர வேண்டும் என்று வாதாடினார். அதற்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார். 1945இல் குடும்ப உதவித்தொகைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, பணம் தகப்பனுக்குப் போகும் என்றே அதில் எழுதியிருந்தது. ராத்போன் எதிர்த்து நின்று, தாய்க்கு என்று மாற்ற வைத்தார். 1946 ஜனவரியில் அவர் இறந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று தாய்மார்கள் அஞ்சலகங்களில் முதல் தொகையை வாங்கினார்கள்: இரண்டாவது பிள்ளையிலிருந்து தலைக்கு வாரம் 5 ஷில்லிங். முதல் பிள்ளையைத் தகப்பனின் கூலியே தாங்கிக்கொள்ளும் என்று சட்டம் எழுதியவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துப் பணம் வர 1977 ஆயிற்று.