குவாரன்டைன்

காய்ச்சலில் படுத்திருப்பவரை ‘குவாரன்டைன்ல இருக்காரு’ என்று சென்னை ராயபுரத்தில் இன்றும் சொல்லக் கேட்கிறேன். கறாராகப் பார்த்தால் பிழை. நோய் உண்டா இல்லையா என்று தெரியும்வரை, நன்றாக இருப்பவரைக் காக்கவைப்பதுதான் குவாரன்டைன். கப்பல்துறையில் பிறந்த சொல் அது. பிளேக்குக்கு அஞ்சிய ரகூசா துறைமுகம், இன்றைய துப்ரோவ்னிக், 1377இல் நோய் பரவிய ஊர்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் வெளியே நிறுத்தியது. பின்னர் அது 40 ஆயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியின் ‘குவாரந்தா’வே வேர். கொரோனாவில் 14 நாளாகச் சுருங்கியும் பெயர் நாற்பதிலேயே நின்றது. நம்மிடமும் நாள்கணக்குச் சொல் உண்டு: மண்டலம். வட்டம் என்ற பொருளிலிருந்து மருந்துண்ணும் கெடுவாகி, 40, 41, 48 என்று ஆளுக்கொரு கணக்கில் வழங்குகிறது. ஆனால் 2020இல் செய்தியில் தினமும் அடிபட்ட ‘ராயபுரம் மண்டலம்’ மாநகராட்சிப் பிரிவு. அந்தச் சொல்லைக் குவாரன்டைனுக்கும் இழுத்தால் குழப்பம்தான். வீட்டுக்கதவில் அரசு ஒட்டிய ‘தனிமைப்படுத்தல்’ எனக்கு ஒப்பவில்லை. காசிமேட்டில் ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில் ஏது தனிமை? ‘ஒதுக்கல்’ அதைவிட மோசம், சாதி வாடை அடிக்கிறது. கொரோனாவில் தெருவைத் தகரத்தால் அடைத்தபோது, ஒதுக்கப்பட்ட கசப்பு பலருக்கும் இருந்தது. ‘ஒதுங்கல்’ எனக்குப் பிடிக்கிறது. மழைக்கு ஒதுங்குவதுபோல் நாமே செய்வது. ‘பத்து நாள் ஒதுங்கி இருக்கேன், அத்தை’ என்று போனில் சொன்னால் மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை.