கல் இதயமும் தகர மனிதனும்

1982 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் நாள், அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் பார்னி கிளார்க் என்னும் பல் மருத்துவருக்கு ஓர் அரிய அறுவை நடந்தது. பழுதடைந்த அவரது இதயத்தின் கீழறைகள் இரண்டையும் அகற்றிவிட்டு, ‘ஜார்விக்-7’ என்னும் செயற்கை இதயத்தை மருத்துவர்கள் பொருத்தினர். அவருடைய மனைவி மருத்துவர்களிடம் ஒன்று கேட்டாராம்: “இனியும் அவரால் என்னை நேசிக்க முடியுமா?”

நகைத்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று இது. இதன் பின்னே நீண்ட வரலாறு உண்டு.

பண்டைய எகிப்தியர் இறந்தோரின் உடலைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கின் வழியே வெளியே எடுத்துவிடுவர். இதயத்தையோ உடலுக்குள்ளேயே விட்டுவைப்பர். மறுமையில் இதயம் தராசின் ஒரு தட்டிலும், வாய்மைத் தெய்வமாகிய மாஅத்தின் இறகு மறு தட்டிலும் வைக்கப்பட்டு நிறுக்கப்படும் என்பது அவர்கள் நம்பிக்கை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் (கி.மு. 384–322) உணர்வின் இருப்பிடம் இதயமே என்றார், மூளை உடற்சூட்டைத் தணிக்கும் உறுப்பு என்று கருதினார்.

அவர்கள் ஏன் அவ்வாறு எண்ணினர்? அச்சமோ காதலோ எழும்போது மூளை நரம்புகளின் வழியே ஆணையிடுகிறது; அட்ரினலினும் குருதியில் கலக்கிறது. உடனே இதயம் விரைந்து துடிக்கிறது. மூளையின் வேலை நமக்குத் தெரிவதில்லை. நெஞ்சின் படபடப்போ நன்றாகத் தெரிகிறது. முரசொலியைக் கேட்டவர்கள், அதை அடித்த கையைக் காணவில்லை!

1628 இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் குருதியைக் கூட்டிப் பார்த்தால், அரை மணி நேரத்திலேயே அது உடலிலுள்ள குருதி முழுவதையும் மிஞ்சுகிறது. ஆகவே ஒரே குருதிதான் சுற்றிச் சுற்றி வரவேண்டும். அதைச் செலுத்துவது இதயம் என்று அவர் நிறுவினார். இன்று நாம் அறிந்தபடி, ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் குருதியைச் செலுத்துகிறது.

அறிவியலில் பம்பு ஆகிவிட்ட இதயம், கதையுலகில் தன் இடத்தை இழக்கவில்லை. ஜெர்மன் எழுத்தாளர் வில்ஹெல்ம் ஹாஃப் 1827 இல் ‘குளிர்ந்த இதயம்’ என்னும் மாயக் கதையை எழுதினார். கருங்காட்டில் கரி சுட்டுப் பிழைக்கும் பீட்டர் முங்க், பணத்திற்காகத் தன் இதயத்தை ஓர் அரக்கனிடம் கொடுத்துவிட்டு, மார்பில் கல் இதயம் ஒன்றைப் பெறுகிறான். அரக்கனின் அறையில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் வட்டிக்காரர்கள், தானிய வணிகத்தில் கொள்ளை இலாபம் அடித்தோர் ஆகியோரின் இதயங்கள் கிடக்கின்றன! ‘கல்நெஞ்சன்’ என்று நாம் சொல்வது அங்கே நேரடியாகவே நடந்துவிடுகிறது. ஏழை முதியவர் ஒருவருக்கு உணவளித்த குற்றத்திற்காகத் தன் மனைவியையே பீட்டர் அடித்து வீழ்த்துகிறான். பணத்தாசை மனிதனை என்ன செய்யும் என்பதைக் காட்ட, ஹாஃப் இதயத்தைக் கருவியாக்கினார்.

1900 இல் அமெரிக்கரான ஃபிராங்க் பாம், ‘ஓஸ் நாட்டு அற்புத மந்திரவாதி’ என்னும் கதையில் இக்கருத்தைத் தலைகீழாக்கினார். மந்திரக் கோடரியால் உறுப்புகளை ஒவ்வொன்றாக இழந்த மரவெட்டி, முழுதும் தகர மனிதனாகிவிடுகிறான். இதயம் இல்லாததால் தனக்கு அன்பில்லை என்று வருந்துகிறான். ஆனால் வழியில் அறியாமல் ஒரு வண்டை மிதித்துவிட்டதற்காக, தாடை துருப்பிடிக்கும் அளவுக்கு அழுகிறான்! இறுதியில் மந்திரவாதி அவனுக்குக் கொடுப்பது, மரத்தூள் அடைத்த பட்டுத்துணி இதயமே. அவன் தேடிய இரக்கம் அதற்கு முன்பே அவனிடம் இருந்தது என்பதை வாசகர் உணர்ந்துவிடுகிறார்.

இது வெறும் கதைப்பேச்சன்று. 1967 டிசம்பர் 3 ஆம் நாள் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்டு, ஒரு மனிதரின் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார். இதயம் நின்றால்தான் மரணம் என்ற பழைய இலக்கணம் அதன்பின் போதவில்லை. இந்தியாவிலும் 1994 ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை மரணமாக ஏற்றது. ஆயினும் மருத்துவமனையில் நிற்கும் தாய்க்கு இது எளிதா? மகனின் நெஞ்சு துடிப்பதை அவர் தம் கண்ணால் காண்கிறார். “துடிக்கிறதே, எப்படி இறந்தான் என்பீர்கள்?” என்று அவர் கேட்டால், அங்கே பேசுவது அறியாமையன்று, ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் நினைவு. அந்த நினைவை மதித்து, பொறுமையாக விளக்குவதே மருத்துவரின் கடமை.

கிளார்க் செயற்கை இதயத்துடன் 112 நாள்கள் வாழ்ந்தார். மருத்துவர்கள் அகற்றியது ஒரு பம்பை மட்டுமே. அன்பின் இருப்பிடத்தை அன்று. அவர் மனைவியின் கேள்விக்கு அறிவியல் தரும் விடை, தகர மனிதனின் கண்ணீர் தந்த விடையேயாகும்.