வேடால் பள்ளியில் எழுந்த பிணக்கு

கல்விக்கூடத்தைத் தமிழர் இன்றும் 'பள்ளி' என்றே அழைக்கின்றனர். துறவியர் உறையுளுக்கு வழங்கிய அச்சொல், அவர்கள் அங்கே பாடம் சொல்லியமையால் கற்கும் இடத்திற்கும் உரியதாயிற்று. பலர் ஒருங்கே தங்கி, உண்டு, கற்கும் இடத்தில் மனவேறுபாடு எழாதிருத்தல் அரிது. அத்தகையதொரு வேறுபாட்டை மறைக்காமல் பொறித்து வைத்த கல்வெட்டு, வந்தவாசி வட்டத்து வேடாலில் உள்ளது.

இராசகேசரிவர்மனின் 14ஆம் ஆட்சியாண்டில் அது வெட்டப்பெற்றது. அம்மன்னனை முதலாம் ஆதித்த சோழன் எனக் கொண்டால், காலம் ஏறத்தாழ கி.பி. 885. விடால் எனவும் மாதேவி ஆரந்திமங்கலம் எனவும் அவ்வூர் அக்காலத்தில் வழங்கியது. அங்கே குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியராகிய கனகவீரக் குரத்தியார் ஆசிரியையாய் விளங்கினார். அவர்பால் பயின்ற பெண்பிள்ளைகள் ஐந்நூற்றுவர். இத்தொகை சற்றே கூட்டிச் சொல்லப்பட்டதெனினும், பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் பெண்ணொருவர் தலைமையில் அத்துணைப் பெண்கள் கற்றனர் என்பது சிறிய செய்தியன்று.

இம்மாணாக்கியர்க்கும் தபசிகள் நானூற்றுவர்க்கும் இடையே பிணக்கு நேர்ந்தது. காரணம் கல்வெட்டில் இல்லை. எவர்மீதும் பழியும் சுமத்தப்படவில்லை. கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் பிள்ளைகளையும் தாங்களே காத்து உணவளிப்பதாக அவ்வூர் மக்கள் ஏற்றுக்கொண்டனர் என்பதே அதன் சாரம்.

இங்குச் சற்று நின்று எண்ண வேண்டும். மூத்தோராகிய துறவியரோடு மாறுபட்ட மாணாக்கியரை 'அடங்காதவர்' என்று விலக்கிவிடுதல் எளிதாயிருந்திருக்கும். உண்டி நின்றிருந்தால் கல்வியும் அன்றே நின்றிருக்கும். அது நேராதவாறு ஊரார் பொறுப்பேற்றனர். ஆசிரியையையும் பிள்ளைகளையும் பிரிக்காமல் ஒருசேரக் காத்தமையே அவர்கள் செய்தவற்றுள் நுட்பமானது. ஐந்நூறு பேருக்கு நாள்தோறும் சோறிடுதல் எளிய செயலன்று என்பதை, திருவிழா நாளில் அன்னதானம் நடத்தியோர் நன்கறிவர்.

ஆசிரியரும் மாணாக்கரும் ஒருவரையொருவர் மதித்த பாங்கினைத் தெற்கே கழுகுமலையிலும் காணலாம். அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரத்தியர் பலர் இடம்பெறுகின்றனர். திருமேனி செய்வித்தோருள் பலர் தம்மை இன்னாரின் மாணாக்கர், இன்னாரின் மாணாக்கியர் என்றே குறித்துள்ளனர். ஆசிரியர் பெயர் முன்னும் மாணாக்கர் பெயர் பின்னுமாக, அருகன் திருமேனிகளின் கீழ் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.