புது ஊரில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி? கம்பம்மெட்டுக்கு குடிவருவோருக்கு ஒரு வழிகாட்டி

தேனி மாவட்டம் கம்பத்தில் இருந்து மலைச்சாலையில் ஏறினால், ஏற்றம் முடியும் இடத்தில் கேரளா தொடங்குகிறது. அந்த எல்லையில் இருக்கும் சிறு டவுன்தான் கம்பம்மெட்டு. இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை தாலுகாவைச் சேர்ந்தது. சுற்றிலும் ஏலத்தோட்டங்கள்.

தோட்டம், வங்கி, பள்ளி, மருத்துவமனை, சோதனைச்சாவடி என ஏதோ ஒரு வேலைக்காக இங்கே வந்து தனியாக அறை எடுப்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே வரும் கேள்வி: "மூணு வேளையும் எங்க சாப்பிடறது?"

சுற்றுலா வந்தவருக்கு ஒரு வேளை சாப்பாடு சரியில்லை என்றால் அதோடு போயிற்று. குடிவந்தவருக்கு அப்படி இல்லை. ஒரே கடையில் மாதத்துக்கு அறுபது வேளை சாப்பிடுகிறார் என்றால், அந்தக் கடையின் எண்ணெயும் தண்ணீரும் அவர் உடம்பையும் சம்பளத்தையும் தொடும் விஷயம்.

மேப்பில் ஸ்டார் பார்த்தால் போதாதா?

பெரிய நகரத்தில் ஓரளவு உதவும். எல்லை டவுனில் அதை மட்டும் நம்ப முடியாது.

கம்பம்மெட்டு வழியாக ராமக்கல்மேடு, நெடுங்கண்டம், கட்டப்பனை பக்கம் போகிறவர்கள் நிறைய. இப்படி வழியில் நின்று ஒரு தடவை சாப்பிட்டவர்களும் ஸ்டார் போடுகிறார்கள். கார் நிறுத்த இடம் இருந்ததா, ஜன்னல் வழியாக மலை தெரிந்ததா என்பதும் அந்த ஸ்டாரில் சேரும். தினமும் அங்கே சாப்பிடும் ஜீப் டிரைவரோ சுமை தூக்குபவரோ ரிவ்யூ எழுதுவது அபூர்வம். பத்துப் பதினைந்து பேர் மட்டுமே மதிப்பிட்ட கடையில், ஒரே ஒருவரின் கோபமோ நட்போ சராசரியை மாற்றிவிடும்.

போலி ரிவ்யூக்களும் உண்டு. அவற்றைக் கட்டுப்படுத்த இந்திய தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் 'ஐஎஸ் 19000' என்ற தர விதியைக் கொண்டுவந்தது. ஆனால் அது தளங்கள் தாமாக முன்வந்து பின்பற்றும் விதியாகவே அறிமுகமானது.

மேப்பைப் பார்த்தால் ஸ்டாரை விட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் போட்ட சமீபத்திய படங்களைப் பாருங்கள். மெனு போர்டு, விலை, இலையில் என்ன இருக்கிறது என்பது அதில் தெரியும். தமிழில், மலையாளத்தில், ஆங்கிலத்தில் தனித்தனியாகத் தேடுங்கள். ஒரு மொழியில் வராத கடை இன்னொன்றில் வரும்.

யாரைக் கேட்பது?

"இங்க நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால், விருந்தாளிக்குக் காட்டும் கடையைத்தான் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள்: "அண்ணே, நீங்க இன்னைக்கு மதியம் எங்க சாப்பிட்டீங்க?" இதற்கு உண்மையான பதில் வரும். மலையாளத்தில் பேசுபவரானால் 'சேட்டா' என்று அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். எல்லையில் பெரும்பாலும் இரண்டு மொழியும் புரியும்.

கேட்க வேண்டியவர்கள் தினமும் வெளியில் சாப்பிடுகிறவர்கள்: ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், தோட்ட ஜீப் டிரைவர்கள், பஸ் கண்டக்டர்கள், சோதனைச்சாவடி ஊழியர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு விடியும் நேரத்தில் ஜீப்புகள் மலையேறும். அந்த நேரத்தில் எந்தக் கடை வாசலில் ஜீப் நிற்கிறது என்று இரண்டு நாள் கவனித்தாலே காலை டிபனுக்கு வழி தெரிந்துவிடும்.

மூன்று பேர் தனித்தனியாக ஒரே கடையைச் சொன்னால், அங்கே போய்ப் பார்க்கலாம்.

போர்டில் என்ன எழுதியிருக்கிறது?

'ஊண்' என்றால் மதியச் சாப்பாடு. பல கடைகளில் மட்டை அரிசிச் சோறு, அதாவது தடித்த சிவப்புப் புழுங்கல் அரிசி. பழகாதவர்கள் உட்காரும் முன்பே "வெள்ளை அரிசி இருக்கா?" என்று கேட்டுவிடுவது நல்லது. மீன் சாறு பல இடங்களில் ஊணோடு சேர்ந்தே வரும். பொரித்த மீன், பீஃப், ஆம்லெட் எல்லாம் 'ஸ்பெஷல்', தனி விலை.

'கறி' என்றால் இறைச்சி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையாளத்தில் கடலைக்கறியும் கறிதான், மோர்க்கறியும் கறிதான். 'கப்பை' என்பது மரவள்ளிக்கிழங்கு. கப்பையும் எலும்போடு கூடிய இறைச்சியும் சேர்த்துக் கிளறும் 'எல்லும் கப்பையும்' இடுக்கி மலைப்பகுதியின் அடையாளம்.

பொரியல், வறுவலில் தேங்காய் எண்ணெய் சாதாரணம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், பரோட்டாக் கல்லும் எண்ணெயும் தனியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே அது யாருக்கும் தப்பாகப் படாது.

இடுக்கிக்குக் கடற்கரை கிடையாது. மீன் எல்லாம் லாரியில்தான் மேலே வருகிறது. 2018-ல் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் கேரள அரசு நடத்திய சோதனைகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. அதனால் "மீன் என்னைக்கு வந்தது?" என்று கேட்பது தவறே இல்லை. நல்ல கடைக்காரர் நேராகப் பதில் சொல்வார்.

சுத்தத்தை எப்படிச் சோதிப்பது?

முதலில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண். அது கடையில் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அச்சிட வேண்டும். எண் 1-ல் தொடங்கினால் லைசென்ஸ், 2-ல் தொடங்கினால் சிறு கடைக்கான பதிவு. மாநிலம் கொடுத்த எண்ணாக இருந்தால் அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: கேரளா 13, தமிழ்நாடு 24. எல்லையில் இது ரொம்பவே பயன்படும்.

இரண்டாவது, ஹெல்த் கார்டு. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி உயிரிழந்தார். அந்த ஆண்டு முடியும் நேரத்தில் கோட்டயத்தில் ஓட்டல் உணவு சாப்பிட்ட நர்ஸ் ஒருவரும் இறந்தார். அதன் பிறகு 2023 தொடக்கத்தில் கேரளா விதிகளை இறுக்கியது. ஓட்டல் ஊழியர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் ஹெல்த் கார்டும் கட்டாயமாயின. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை வந்தது. பார்சலில் தயாரித்த நேரமும், எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் ஒட்டியிருக்க வேண்டும் என்றும் உத்தரவிடப்பட்டது. தமிழ்நாடும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது.

பார்சலில் நேரம் எழுதித் தரும் கடை, விதியைப் படித்திருக்கிற கடை. அதுவே ஒரு நல்ல அறிகுறி.

மூன்றாவது, உங்கள் கண். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா? வடையும் பழம்பொரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதா? சாப்பாட்டுக்கு 12.30 மணி வாக்கில் போனீர்களா, மூன்று மணிக்குப் போனீர்களா என்பதும் முக்கியம். கூட்டம் வந்து பானை சீக்கிரம் காலியாகும் கடையில் பழைய சோறு தங்காது.

தண்ணீர் ஏன் முக்கியம்?

கேரளக் கடைகளில் பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர் தருவார்கள். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொதித்த தண்ணீரைச் சீக்கிரம் ஆற்றுவதற்காகப் பச்சைத் தண்ணீர் கலப்பதுதான் ஆபத்து. கேரள சுகாதாரத் துறையும் இதை எச்சரித்து வருகிறது.

2024-ல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூர் பஞ்சாயத்தில் 200-க்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை பரவியதற்குக் குடிநீரே காரணமாகச் சொல்லப்பட்டது. இந்தக் கிருமி உடலில் நுழைந்து அறிகுறி தெரிய 14 முதல் 28 நாள் ஆகும். எந்தக் கடையில் வாங்கினோம் என்று அப்போது கண்டுபிடிப்பது கஷ்டம். தண்ணீர் சூடாக வந்தால் குடியுங்கள். வெதுவெதுப்பாக வந்தால் "கொதிக்கவெச்சு ஆறினதா, கலந்ததா?" என்று கேளுங்கள். ஜூஸ் கடையில் ஐஸ் எங்கிருந்து வருகிறது என்பதையும் விசாரியுங்கள்.

செலவைக் குறைக்க வழி உண்டா?

கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டல்கள் 2020-ல் 20 ரூபாய் சாப்பாட்டோடு பரவலாகின. 2023-ல் அரசு மானியம் நின்ற பிறகு விலை 30 ரூபாயானது. உங்கள் பகுதியில் அது இயங்குகிறதா, எந்த நேரத்துக்குள் போக வேண்டும் என்பதைப் பஞ்சாயத்து அலுவலகத்திலோ வார்டு உறுப்பினரிடமோ கேட்கலாம்.

ஒரு கடை ஒத்துவந்தால் மாதக் கணக்கு வைக்கலாமா என்று கேளுங்கள். முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள். பில்லில் ஜிஎஸ்டி தனியாகப் போட்டிருந்தால், ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது.

கடை அடைத்திருந்தால்?

ஞாயிறு எந்தக் கடை திறக்கும் என்று சனிக்கிழமையே கேட்டு வையுங்கள். ஹர்த்தால் அன்று கேரளப் பக்கம் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் கூறியது. ஆனாலும் அரிசி, பருப்பு, ஒரு சின்ன ஸ்டவ் அறையில் இருப்பது நல்லது. மலை இறங்கினால் கம்பம் இருக்கிறது. பஸ் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது?

கடை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, புகார் அந்த மாநிலத்துக்குத்தான். கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 1125. தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் எண் 94440 42322. விலை, பில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லையும், பார்சல் ஸ்டிக்கரையும், மருத்துவரைப் பார்த்திருந்தால் சீட்டையும் வைத்திருங்கள்.

குமுளி, போடிமெட்டு, பாலக்காட்டின் வேலந்தாவளம், கோபாலபுரம் போன்ற மற்ற எல்லை ஊர்களுக்கும் இதே வழிதான். முதல் இரண்டு வாரம் வேளைக்கு ஒரு கடை என்று மாற்றிப் பாருங்கள். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று என மூன்று கடை தேறினாலே போதும். கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்ததும் "இன்னைக்கு மீன் வேண்டாம், நேத்து வந்தது" என்று சொல்லத் தொடங்கினால், அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள்.