உப்பு வண்டியில் ஒரு குடும்பம்



சென்ற பள்ளி விடுமுறையின்போது பிரிஞ்சாங் கடைத்தெருவை ஒட்டிய வெளியில் வீட்டு வண்டிகள் ஏழெட்டு வரிசையாக வந்து நின்றன. உள்ளேயே உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டிகள். குவாந்தானிலிருந்து திரங்கானு வரை கிழக்குக் கரையோரமாகவே ஓட்டிச் சென்றுவிட்டு, குளிர் காய்வதற்காக மலையேறி வந்த குடும்பங்கள் என்று கடைக்காரர் சொன்னார். என் வகுப்பு மாணவன் ஒருவன் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தான். என்னைக் கண்டதும் ஓடிவந்து, "டீச்சர், வண்டிக்குள்ளேயே அடுப்பு, மெத்தை எல்லாம் இருக்கு! வெள்ளைக்காரன் மூளையே மூளை! நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் தோணுமா?" என்றான்.

பத்து வயதுப் பிள்ளை. அவன்மீது கோபம் கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி எனக்குள் முள்ளாய்த் தைத்தது. அதை அவனுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விடை நம் பக்கமே திரும்புகிறது. ஆகவே பள்ளி திறந்ததும் அவனுக்காகத் திரட்டிய செய்திகளை உங்களிடமும் பகிர்ந்து கொள்கிறேன்.

வெள்ளையரும் இதில் தேர்ந்தவர்கள்தாம், மறுப்பதற்கில்லை. 1963இல் அமெரிக்கக் குடும்பங்கள் பல, ஏர்ஸ்ட்ரீம் என்னும் வெள்ளிநிற இழுவை வீடுகளோடு நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரைச் சென்றடைந்தன. இத்தகைய கூட்டுப் பயணத்தைக் 'கேரவன்' என்கிறார்கள். அது பாரசீகச் சொல். நமக்கு அதனினும் அழகான சொல் ஒன்று உண்டு: ஒழுகை. ஒன்றன்பின் ஒன்றாக ஒழுகிச் செல்லும் வண்டிகளின் நிரை என்பது பொருள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழகக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு அத்தகைய ஒழுகைகளை நடத்திச் சென்றவர்கள் உமணர் எனப்பட்ட உப்பு வணிகர்கள்.

கரையோரத்துப் பரதவர் உப்பங்கழியில் பாத்தி கட்டி, கடல்நீரைத் தேக்கி, வெயிலில் காய விட்டு உப்பு விளைவித்தனர். ஏர் பூட்டாத வேளாண்மை அது. விளைந்ததை வாங்கி வண்டியில் ஏற்றி, மருதநிலத்து ஊர்களுக்கும் முல்லைக்கும் மலையடிவாரத்துக்கும் கொண்டு சென்று, நெல்லுக்கு மாற்றாகக் கொடுத்தவர் உமணர். உப்பு இல்லாமல் மனிதனும் வாழ முடியாது, மாடும் வாழ முடியாது. மலையில் உப்பு விளையாது. இதைக் கேமரன் மலைவாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து சாலை வருவதற்கு நெடுங்காலம் முன்பே, இம்மலைகளில் வாழும் செமாய் மக்கள் காட்டுப்பொருள்களைக் கொடுத்துக் கீழ்நாட்டு உப்பைப் பெற்று வந்தார்கள்.

உமணர் வண்டி எப்படி இருந்தது? இதற்குத்தான் நாம் கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு நன்றி சொல்ல வேண்டும். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குச் செல்லும் வழியைச் சொல்ல வந்த புலவர், இடையில் நின்று ஓர் உப்பு வண்டியை ஒரு தச்சரின் கண்ணோடு பார்க்கிறார். மலைமேல் மழைமேகம் கவிந்தது போலப் புல்லால் வேய்ந்த கூரை. முன்புறத்தில், யானையை விரட்டக் காவலிருப்போரின் குடிசை போன்று கோழிகள் அடையும் கூடு. வண்டியின் பக்கத்தில் சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. அது பெண்யானையின் முழங்காலைப் போலிருக்கிறதாம்! முகப்பில் காடி நிறைந்த பானை. வீடும் சமையற்கட்டும் கோழிப்பண்ணையும் உருண்டு செல்கின்றன.

இனி வண்டியை ஓட்டுபவரைப் பாருங்கள். கையில் குழந்தையுடைய ஒரு தாய்! எருதுகளை அவள் அதட்டி ஓட்ட, வேப்பிலை விரவிய கண்ணி சூடிய ஆடவர் இருபுறமும் நடந்து காவல் செய்கின்றனர். வழியிலுள்ள ஊர்களில் உப்பின் விலையைக் கூவிச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். பெண்கள் வண்டி ஓட்டுவது அண்மைக்கால முன்னேற்றம் என்று எண்ணும் பெற்றோர் இவ்விடத்தைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டலாம். உரைநூலின் துணை இல்லாமல் வாசிக்க வேண்டாம். எனக்கே அது தேவைப்படுகிறது.

கடற்கரைக் காட்சியொன்று சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. அதைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டவர். கடலும் கழியும் அவருக்குப் பிறந்த ஊர்ச் செய்திகள். பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கையைச் சொல்லும்போது, உமணர் ஒழுகையோடு கூடவே பயணம் செய்து வந்த ஒரு மந்தியைக் காட்டுகிறார். அது கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு, உமணரின் பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. அரசர்கள் கடல்கடந்து விற்ற முத்து, அந்தப் பிள்ளைகளுக்கு ஓசை எழுப்பும் ஒரு பொருள், அவ்வளவுதான். வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லாரும் குரங்கையே கேட்டார்கள்; முத்தை யாரும் கேட்கவில்லை. கொற்கை இன்று கடலிலிருந்து விலகி உள்ளே கிடக்கும் சிற்றூர். அதே தூத்துக்குடிக் கரையில் உப்பளங்கள் இன்றும் வெள்ளைவெளேரென்று பரந்து கிடக்கின்றன.

இவ்வளவும் இனிமையான பக்கம். வழிநடைத் துன்பமும் இலக்கியத்தில் மறைக்கப்படவில்லை. மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் நடுக்காட்டில் யார் தருவார்? எனவே வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். 'சேம அச்சு' என்பது அதன் பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் இந்தச் சேம அச்சுக்கே ஒப்பிடுகிறார். இன்றைய ஓட்டுநர் பின்பெட்டியில் வைத்திருக்கும் மாற்றுச் சக்கரத்தை இளவரசன் ஒருவனுக்கு உவமையாக்கும் துணிவு இக்காலக் கவிஞர்க்கு வருமா என்று தெரியவில்லை!

சில வேளைகளில் சேம அச்சும் போதவில்லை. நற்றிணை 138இல், உமணர் கைவிட்டுச் சென்ற பழுதடைந்த பழைய வண்டிப்பாரில் வெண்ணிறக் குருகு முட்டையிடுகிறது. புறநானூறு 307இல், கால் முடப்பட்டு நடக்க இயலாத எருதை ஆளில்லா இடத்தில் விட்டுவிட்டுக் கூட்டம் போய்விடுகிறது. அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறலைகள்வர் திரியும் பாலைவழியில் ஓர் எருதுக்காக ஒழுகை முழுவதும் நின்றால் என்ன ஆகும்? அகநானூறு 159ஐப் பாருங்கள். உமணர் மூட்டிவிட்டுப் போன கல்லடுப்பிலேயே, வில்லேந்திய வழிப்பறி ஆடவர் பிறகு வந்து ஊன் சமைக்கிறார்கள். சாம்பல் ஆறுவதற்குள் வந்தார்களோ என்னவோ! உமணர் கூட்டமாகச் சென்றதற்கும், வழிப்போக்கர் பலர் அவர்களை அரணாகக் கொண்டதற்கும் காரணம் இதுதான். அவர்கள் தங்கிச் சென்ற இடத்தின் வெறுமையைக் குறுந்தொகை 124 பாழடைந்த ஊரோடு ஒப்பிடுகிறது.

இந்நூல்கள் நம் கைக்கு வந்ததே ஒரு நீண்ட பயணத்தால்தான். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்து, பத்துப்பாட்டை 1889இலும் புறநானூற்றை 1894இலும் அச்சிட்டார். அவ்வேடுகளும் செல்லரித்திருந்தால் அந்தக் கோழிக்கூட்டையும் உரலையும் நாம் எங்கே போய்க் கேட்பது?

பிற்காலத்தில் உப்பு வழியில் நடந்தவர்கள் பலர். லம்பாடியர் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக் குடும்பம் குடும்பமாகத் தக்காணம் வரை சென்றனர். தமிழ், தெலுங்கு நாடுகளில் உப்புக் குறவர் என்றே ஒரு பிரிவினர் இருந்தனர். இவர்கள் உமணரின் வழித்தோன்றல்கள் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். செய்த தொழில் ஒன்று, அவ்வளவே. கடற்கரையிலிருந்து உப்பைக் கொண்டுபோய்த் தானியம் வாங்கித் திரும்பிய இவர்களின் வாழ்வு, ஆங்கிலேயர் ஆட்சியில் படிப்படியாகச் சரிந்தது. 1805இல் சென்னை மாகாண அரசு உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1856இல் இராயபுரத்திலிருந்து முதல் தொடர்வண்டி ஓடியது. பின்னர் இருப்புப்பாதை நீள நீள, உப்பு மாட்டின் முதுகிலிருந்து இரயில் பெட்டிக்கு ஏறிவிட்டது. 1882ஆம் ஆண்டு வனச்சட்டத்தால் மேய்ச்சல் காடுகளும் அடைபட்டன.

பிழைப்புப் போனதோடு நிற்கவில்லை. வீடு வாசல் இன்றித் திரிபவன் திருடனாகத்தான் இருப்பான் என்பது ஆள்வோரின் முடிவு. 1871இல் வடக்கே கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் எனப் பட்டியலிடப்பட்டனர். காவலரிடம் பெயர் பதிய வேண்டும். குறித்த வேளையில் வந்து வருகை சொல்ல வேண்டும். அனுமதியின்றி ஊர் விட்டு ஊர் போகக் கூடாது. நாள்தோறும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் அழைக்கும் தொழில் நம்முடையது. அதே அழைப்பு பெரியவர்களுக்கு இரவில் நடந்தது என்பதை வாசித்த நாளில், மறுநாள் காலை பதிவேட்டைத் திறக்க எனக்குச் சற்று நேரமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. சட்டம் நீங்கியதுபோல் பேச்சு நீங்கியதா? நம் வீடுகளில் இன்றும் பிள்ளையைத் திட்டும்போது எந்தச் சாதிப் பெயர்கள் வாயில் வருகின்றன என்பதை நீங்களே அறிவீர்கள்.

1930இல் இராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பெடுக்க நடந்ததை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன, சொல்லவும் வேண்டும். அந்த உப்பைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்களுக்கு அதே பாடநூலில் ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம் என்பது என் குறை.

பள்ளி திறந்த முதல் வாரம், கலைக்கல்வி நேரத்தில் உமணர் வண்டியை வரையச் சொன்னேன். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன் இருக்கிறான். தந்தையின் தோட்ட வேலை மாறும்போதெல்லாம் பள்ளியும் மாறுவதால் இது அவனுக்கு மூன்றாவது பள்ளி. 'எப்போதும் மூட்டை கட்டுற பையன்' என்று சிலர் கேலி செய்வதைக் கேட்டுக் கண்டித்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் குரங்கை வரைந்து கொண்டிருக்க, அவன் மட்டும் வண்டியின் அடிப்பகுதியைப் பெரிதாக வரைந்து, அங்கே சேம அச்சைக் கயிற்றால் கட்டியிருந்தான்.

"இரண்டு அச்சு வரைஞ்சிருக்கியே, ஏனப்பா?" என்று கேட்டேன்.

"தூரமா போறாங்க டீச்சர், ஒண்ணு பத்தாது" என்றான்.

அந்தப் படம் இப்போது வகுப்பின் பின்சுவரில் இருக்கிறது. வெள்ளைக்காரன் மூளையை மெச்சிய மாணவன் அதன்கீழே கோழிக்கூடு ஒன்றையும் சேர்த்து வரைந்துவிட்டான். கூட்டைக் கூரையின் உச்சியில் வைத்திருக்கிறான். தவறுதான், நான் திருத்தவில்லை.