சமைப்பவரின் மனமும் தட்டில் விழும் உணவும்

வீட்டில் சமைத்தாலே நல்ல உணவு என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான்.

ஆய்வு சொல்வது: பிரிட்டனின் கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் 11,396 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. வாரத்தில் 5 முறைக்கு மேல் வீட்டுச் சமையலை உண்டவர்கள், 3 முறைக்கும் குறைவாக உண்டவர்களைவிட, தினமும் சுமார் 62 கிராம் பழமும் 98 கிராம் காய்கறியும் கூடுதலாக உண்டனர். இது ஒரு தொடர்பைக் காட்டுகிறது. சமையல் மட்டுமே காரணம் என்று நிரூபிக்கவில்லை.

நம் நிலை: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்.

விருப்பம் எதற்கு? முருங்கைக்கீரை உருவவும், வாழைப்பூவை நரம்பெடுத்து ஆயவும் பொறுமை வேண்டும். அலுத்துப்போனவர் வீட்டில் முதலில் காணாமல் போவது இவைதான். பிறகு பரோட்டா பார்சல் வருகிறது.

ஆலங்குடி வட்டாரத்தில் பலர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். அங்கே அறையில் முறை வைத்துச் சமைக்கும் அத்தா, விடுமுறையில் ஊர் வந்தால் அடுப்படியை எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் "உப்பு கூட" என்று குறை சொல்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) எந்த உணவையும் குறை கூறியதில்லை, வீட்டில் இருக்கையில் குடும்பத்தாருக்கு ஒத்தாசையாக இருந்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. இந்த சுன்னத்தை நாம் மறந்துவிட்டோம்.

விருப்பத்திலும் கவனம்: ஆசையாய்ச் சமைப்பது பெரும்பாலும் பிரியாணியும் நெய்ச்சோறும்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், காய்கறியும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம்.

செய்யக்கூடியவை:

- கீரை ஆய்வதையும் காய் நறுக்குவதையும் மகன்களும் மகள்களும் பங்கிட்டுக் கொள்ளட்டும்.
- வாரம் ஒரு வேளையாவது அத்தா சமைக்கட்டும்.
- வடகாடு, கீரமங்கலம் பக்கமிருந்து வரும் காய்கறிகளைப் பிள்ளைகளையே பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.
- பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.
- சமைத்தவரும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். நன்றாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சமைப்பவரின் சுமையைக் குறைத்தால் சமையலில் விருப்பம் தானே வரும். கீரையும் தட்டுக்குத் திரும்பும், இன்ஷா அல்லாஹ்.