கடல் கடந்த மனு

1852-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து ஒரு மனு லண்டனுக்குப் புறப்பட்டது. அனுப்பியது அதே ஆண்டில் தொடங்கிய சென்னை சுதேசி சங்கம். அதன் உயிர்நாடி கஜுல லட்சுமிநரசு செட்டி என்ற வணிகர், ‘கிரசென்ட்’ பத்திரிகையை நடத்தியவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்படும் தவணை அது. கம்பெனியைப் பற்றிய குறையைக் கம்பெனியிடமே சொல்லி என்ன பயன்? அதனால்தான் பெறுநராகப் பிரிட்டிஷ் பாராளுமன்றம்.

நிலவரியின் பாரம், நீதிமன்றத் தாமதம், சாலையும் பாசனமும் பள்ளியும் இல்லாத நிலை எல்லாம் அதில் இருந்தன. 1853-இல் வந்த சாசனச் சட்டம் கேட்டவற்றில் பெரும்பகுதியைத் தரவில்லை. பெரும்பாலான மனுக்களின் கதை இங்கே முடிந்துவிடும்.

செட்டி விடவில்லை. டேன்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853-இல் சென்னைக்கு வந்தபோது, அவரை மாவட்டங்களுக்கு அழைத்துப்போனார். வரி கட்டாத குடியானவர்களை என்ன செய்கிறார்கள் என்பதை சீமோர் நேரில் அறிந்தார். விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி. உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் கொடுமை. மனுவை நம்பாமல் இருக்கலாம். நேரில் போய்வந்த சக உறுப்பினரின் பேச்சை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம் நடந்தது. அதே ஆண்டு சென்னையில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைந்தது.

1855-இல் வந்த அதன் அறிக்கை சித்திரவதை நடப்பது உண்மை என்றது. ஐரோப்பிய அதிகாரிகளைக் குற்றத்திலிருந்து விலக்கி, பழியைக் கீழ்நிலை இந்திய ஊழியர்கள்மேல் போட்டது. அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. வசூல் குறையக் கூடாது என்ற நெருக்கடி மேலிருந்துதானே வந்தது? ஆனால் அறிக்கையின் ஓரிடம் இன்றும் நெஞ்சைச் சுடுகிறது. அடிபட்டவன் ஏன் முறையிடுவதில்லை என்று ஆராய்ந்த இடம் அது. கலெக்டரிடம் போகத் தூரம், செலவு, வேலைக்கேடு. எழுதி அனுப்பினாலோ, தாசில்தாருக்கு அனுப்பப்படுகிறது என்ற வழக்கமான குறிப்போடு திரும்பிவிடும் என்ற பயம். அன்றைய தாசில்தாரிடம்தான் வரி வசூலும் இருந்தது, போலீஸும் இருந்தது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலக வரிசையில் நிற்பவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. மேலே கொடுத்த மனு ‘உரிய நடவடிக்கைக்காக’ இறங்கி இறங்கி, யாரைப் பற்றி எழுதினார்களோ அவர் மேசைக்கே வந்து சேர்வதை அவர்கள் அறிவார்கள்.

கமிஷன் அறிக்கைக்குப் பின், 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம் சென்னை மாகாணத்தில் வருவாய்த்துறையிலிருந்து பிரிந்த தனிப் போலீஸ் படையை உருவாக்கியது. வரி கேட்கும் கையிலிருந்து லத்தி பிரிக்கப்பட்டது. அதைப் பார்க்க செட்டி உயிரோடிருந்தார், 1868-இல்தான் காலமானார்.